குளமும் குடிகளின் நம்பிக்கையும்

1832ஆம் ஆண்டிலே கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி இலங்கையில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. ஊதியமின்றி அரசுக்கு உழைக்கும் கட்டாயம் நீங்கியமை நன்றேயாம். ஆயினும் அதனோடு ஊர்வழமையொன்றும் வலுவிழந்தது. குளக்கட்டைத் திருத்தவும் வாய்க்காலைத் துப்புரவாக்கவும் வாராதவனை வரச்செய்யும் அதிகாரம் ஊராருக்கு இல்லாதொழிந்தது. பிணக்குகள் நீதிமன்றஞ் சென்றன. தீர்ப்பு வருமுன்னே பயிர் கருகிற்று.

அரசு கட்டளையிட்டிருக்கலாமே எனின், 1848இல் நிகழ்ந்ததை நோக்குக. ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்க, அன்றேற் பணங் கட்டுக என்றது அரசு. ‘இராசகாரியம் மீண்டது’ என்றே குடிகள் கருதினர். துப்பாக்கிக்கும் நாய்க்கும் விதித்த வரிகளும் சேர்ந்து அவர்தம் சினத்தை மூட்டின. கிளர்ச்சி எழுந்தது, படைகொண்டு அடக்கப்பட்டது.

1855இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வாட் வேறு வழி சென்றார். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் புதிய விதியெதனையும் சுமத்தவில்லை. பழைய நீர்ப்பாசன வழமைகளையே உயிர்ப்பித்தது. அதுவும் நிலவுடைமையாளரைக் கூட்டி, பெரும்பான்மையோர் இசைந்தவிடத்து மாத்திரமே. நீர்ப்பிணக்கை விசாரித்தோரும் ஊரவரே. மட்டக்களப்புப் பகுதியில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அரசாங்கப் பணத்தில் திருத்தப்பட்டன. தம் வழமையை மதித்த அரசுக்கு, எட்டாண்டின் முன் மறுத்த உழைப்பை உழவர் இசைந்தளித்தனர்.

வாட் தன்னலமற்றவர் என்பதற்கில்லை. விளைவு பெருகினால் நெல்வரியும் பெருகும். அவ்வரி 1892 வரை எடுபடவில்லை.