கையெழுத்தும் ஆசிரியமும்: மொசார்ட் பெயரிலுள்ள ஓர் எஃப் மேஜர் மினுவெட்

மொசார்ட்டின் படைப்புகளைக் காலவரிசைப்படுத்தி லுட்விக் கோஷெல் 1862இல் வெளியிட்ட அட்டவணையில் முதல் எண்ணைப் பெற்றது ஜி மேஜரில் அமைந்த ஒரு மினுவெட். 1964இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு அதற்கு முன்பாக நான்கு சிறு உருப்படிகளைச் சேர்த்தது. அவற்றுள் நான்காவதான எஃப் மேஜர் மினுவெட்டின் ஆசிரியர் யார் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தந்தை லியோபோல்ட், மகள் மரியா அன்னாவின் பயிற்சிக்காக 1759இல் தொடங்கிய சுரக்குறிப்பேட்டிலிருந்து பிரிந்த ஒரு தாளில் இந்நான்கும் உள்ளன. அத்தாள் இப்போது நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. மினுவெட்டின் தலைப்பு அதனை வொல்ஃப்காங்கின் படைப்பு என்று கூறி, 1761 டிசம்பர் 16 என நாளும் குறிக்கிறது. அப்போது சிறுவனுக்கு ஆறு வயது நிரம்பவில்லை. ஆயின், தலைப்பு மட்டுமன்றிச் சுரங்கள் அனைத்துமே லியோபோல்டின் கையெழுத்தில் உள்ளன.

எழுதியவர் வேறு, இயற்றியவர் வேறு என்பது சுவடிகளோடு பழகியோர்க்குப் புதிதன்று. சிறுவன் வாசித்ததைத் தந்தை எழுதிக்கொண்டார் என்பதே வழக்கமான விளக்கம். எனினும் லியோபோல்ட் வெறும் படியெடுப்பாளர் அல்லர், இசையமைப்பாளர், 1756இல் வயலின் பயிற்சி நூலொன்றை வெளியிட்ட ஆசிரியர். எழுதும்போது அவர் எதையும் திருத்தவில்லை எனக் கொள்வது கடினம். மறுபுறம், இது வீட்டுப் பயிற்சி ஏடு. சிறுவன் எந்த உருப்படியை எந்த இரவில், எத்தனை மணிக்குக் கற்றான் என்பதையும் அதில் குறித்துவைத்த தந்தை, விளம்பர நோக்குடன் பெயரை மாற்றி எழுதினார் என்பதற்குச் சான்றில்லை.

அகச்சான்று உதவுமா? அதே தாளின் முதல் உருப்படி மூன்று அடித் தாளத்தில் தொடங்கி இடையில் இரண்டு அடித் தாளத்திற்கு மாறிவிடுகிறது. தேர்ந்த இசைஞர் இத்தகைய சிற்றுருப்படியில் அவ்வாறு செய்யார். குழந்தையின் கை அதில் வெளிப்படை. மினுவெட்டோ ஒழுங்கானது. அவ்வொழுங்கு சிறுவனின் விரைந்த வளர்ச்சியா, தந்தையின் செப்பமா என்பதை ஒழுங்கைக் கொண்டே தீர்க்க இயலாது. நடன வடிவமே ஒழுங்கைக் கோருவது.

2009இல் சால்ஸ்பர்க் மொசார்ட்டேயம், அதே ஏட்டில் லியோபோல்டின் கையெழுத்திலுள்ள பெயரற்ற இரு உருப்படிகளை நடையின் அடிப்படையில் மகனுக்கு உரியவை என அறிவித்தது. அங்கே நடை பேசுகிறது, பெயர் இல்லை. மினுவெட்டில் பெயர் உண்டு, நடை பேசவில்லை. ஆகவே, ‘மொசார்ட் இயற்றியது’ என்பதைவிட, ‘தந்தையின் சான்றின்படி மொசார்ட் இயற்றியது, எழுத்து தந்தையுடையது’ எனப் பதிவதே பொருந்தும்.