போர்க்காலச் சுவரொட்டிகளும் மக்களின் மனத்திண்மையும்: பிரிட்டன், 1939–1943

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட சுவரொட்டிகளே அந்நாட்டு மக்களின் மனத்திண்மையை, அதாவது இழப்பையும் தட்டுப்பாட்டையும் தாங்கிக்கொண்டு அன்றாடக் கடமைகளைத் தொடரும் கூட்டு உறுதியை, உருவாக்கின என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. ஆயினும் அவற்றை மக்கள் எதிர்கொண்ட விதத்தை ஒப்பிட்டு நோக்கினால், துணிவோடு இருக்குமாறு பணித்த சுவரொட்டிகள் பெரிதும் தோல்வியுற்றன என்பதும், செய்யத்தக்க ஒரு செயலை மக்களிடம் ஒப்படைத்தவையே வேரூன்றின என்பதும் புலப்படும்.

1939இல் போர் மூண்டவுடன் செயற்படத் தொடங்கிய தகவல் அமைச்சகத்தின் முதல் சுவரொட்டிகள், சிவப்புப் பின்னணியில் மன்னரின் மகுடமும் வெள்ளை எழுத்துகளும் மட்டுமே கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று, மக்களின் துணிவும் மலர்ச்சியும் உறுதியும் ‘நமக்கு’ வெற்றி தேடித்தரும் என்றது. மக்களின் அன்றாட வாழ்வையும் எண்ணங்களையும் பதிவுசெய்துவந்த ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்னும் ஆய்வமைப்பு, இவ்வாசகம் தியாகத்தை மக்கள்மீது சுமத்திப் பயனை ஆள்வோர்க்கு உரியதாக்குவதுபோல் ஒலித்ததைச் சுட்டிக்காட்டியது. பதற்றமின்றிப் பணியைத் தொடருமாறு கூறிய மற்றொரு சுவரொட்டி ஏறத்தாழ 24.5 இலட்சம் படிகள் அச்சிடப்பட்டும், கடும் குண்டுவீச்சுக் காலத்திற்கென ஒதுக்கி வைக்கப்பட்டதால், பெரும்பாலும் ஒட்டப்படாமலே 1940இல் காகிதக் கூழாக்கப்பட்டது. இன்று போர்க்கால மனவுறுதியின் சின்னமாகக் கொண்டாடப்படும் அச்சுவரொட்டியை அக்கால மக்களுள் மிகப் பெரும்பாலோர் கண்டதேயில்லை.

இதற்கு மாறானவை, ‘ஃபூகாஸ்’ என்னும் புனைபெயரில் வரைந்த சிரில் கென்னத் பேர்டு 1940இல் படைத்த, கவனமற்ற பேச்சு உயிர்களைப் பறிக்கும் என எச்சரித்த சுவரொட்டிகள். பேருந்தில் இரு பெண்கள் தம்மை மறந்து பேசிக்கொண்டிருக்க, பின் இருக்கையில் எதிரி நாடான ஜெர்மனியின் தலைவர்கள் ஹிட்லரும் கோரிங்கும் அமர்ந்து செவிமடுக்கும் காட்சி, அச்சுறுத்தாமல் சிரிக்கவைத்தே நாவடக்கத்தைக் கற்பித்தது. அதே ஆண்டு ஜூலையில், நம்பிக்கையிழந்து பேசுவோரை வாயடைக்க அரசு தொடங்கிய ‘மௌன அணி’ இயக்கமோ, அண்டை வீட்டாரையே ஐயுறத் தூண்டுவதாக மக்கள் சினங்கொண்டதால் சில வாரங்களிலேயே கைவிடப்பட்டது. பேச்சைக் குறைப்பதே இரண்டின் நோக்கமாயினும், முன்னது மக்களைப் பொறுப்புள்ளவர்களாகவும் பின்னது குற்றவாளிகளாகவும் கருதியது.

வெற்றிக்காக நிலத்தைக் கொத்தி உணவு விளைவிக்குமாறு அழைத்த இயக்கத்தின் சுவரொட்டி ஒன்றில் மண்வெட்டியை அழுத்தும் காலணியணிந்த பாதம் மட்டுமே அண்மைக்காட்சியாக அமைந்தது. முகம் காட்டப்படாததால், பார்ப்பவர் எவரும் அப்பாதத்தைத் தமதாகக் கொள்ள இயன்றது. 1939இல் சுமார் 8 இலட்சமாக இருந்த குத்தகைத் தோட்டத் துண்டுகள் 1943இல் சுமார் 14 இலட்சமாக உயர்ந்தன. இவ்வுயர்வில் உணவுப் பங்கீட்டுக்கும் உள்ளாட்சிகள் நிலம் வழங்கியதற்கும் பெரும்பங்கு உண்டு என்பதால், அதனைச் சுவரொட்டியின் சாதனையாக மட்டும் கணக்கிடுதல் பொருந்தாது. எனினும் நிலமும் விதையும் கைக்கெட்டும் நிலையில் இருந்தபோதே அச்சுவரொட்டியின் அழைப்புக்குப் பொருள் கிடைத்தது என்பது இவ்விடத்தில் முதன்மையாகக் கருதத்தக்கது.

ஆகவே, மனத்திண்மை என்பது அரசு அச்சிட்டு மக்களிடம் சேர்ப்பிக்கும் பண்டம் அன்று. மக்கள் தம் செயலின் வழியே ஈட்டிக்கொள்ளும் தன்னம்பிக்கை அது. அத்தகைய செயலுக்கு வழிகாட்டி, மக்களின் பகுத்தறிவை மதித்த அளவிற்கே சுவரொட்டி பயன்பட்டது. போர்க்காலப் பரப்புரையின் ஆற்றலை அச்சான படிகளின் எண்ணிக்கையாலோ பிற்காலப் புகழாலோ அளவிடும் வழக்கத்தை வரலாற்றாய்வு கைவிட வேண்டும்.