கோலமும் வடிவமைப்பு வரலாறும்

கோலம் என்பது தமிழ்நாட்டுப் பெண்கள் வாசலில் அரிசி மாவாலோ கல்மாவாலோ இடும் தரை வரைவு ஆகும். வடிவமைப்பு வரலாற்றை எழுதியோர் நெடுங்காலம் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

திருவண்ணாமலையில் இந்த விடுபடல் எளிதில் கண்ணில் படும். அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரமும் 11 நிலைகளும் கொண்டது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய திருப்பணியைத் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார் என்று கோயில் வழிகாட்டி நூல்கள் கூறும். அளவு போட்ட தச்சர் யார், கல் உடைத்தவர் யார் என்பதற்கு அவற்றில் பெரும்பாலும் இடமில்லை. கோபுரத்தைச் சுற்றிய மாட வீதிகளில் விடியுமுன் கோலமிட்ட பெண்களோ வரலாற்றுக்குள் வரவே இல்லை. அரசருக்குக் கல்வெட்டு உண்டு. கோலம் மாலைக்குள் மிதிபட்டு அழிந்துவிடும். ஆவணத்தை மட்டும் நம்பும் வரலாறு, அழியும் பொருளில் வேலை செய்தவர்களைக் கைவிட்டதில் வியப்பில்லை.

கோலத்தை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. புள்ளிக் கோலத்தில் முதலில் வருவது திட்டம். "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று சொன்னால் போதும்: நடுவரிசையில் 15 புள்ளி வைத்து, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து, 8-இல் நிறுத்த வேண்டும், மேல்வரிசைப் புள்ளி கீழ்வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும். கூட்டிப் பார்த்தால் 15 வரிசைகள் வரும். ஒரு கட்டட வரைபடம் சொல்லும் செய்தியை இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. சிக்குக் கோலம் இன்னும் கடினம். கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து செல்லும். பல கோலங்களில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். மாவு விரலிடுக்கில் இறங்கும்போதே அடுத்த வளைவு மனத்தில் இருந்தாக வேண்டும்.

இதன் அருமையைக் கணித அறிஞர்கள் கண்டார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கோலங்களை ஆராய்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர், 1974-இல் அவற்றை அணி இலக்கணங்களால் விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். சிறு வடிவிலிருந்து பெரிய வடிவை வளர்த்தெடுக்கும் விதிகளே இவ்விலக்கணங்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கக் கணிதவியலர் மார்சியா ஆஷர் 2002-இல் கோல மரபு பற்றி எழுதினார்.

வடிவமைப்புத் துறையின் பார்வை வேறாக இருந்தது. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் அளித்த இந்திய அறிக்கை சொம்பை வியந்து போற்றியது. அதைத் தனியொருவர் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் உருவாக்கின என்றது. அழகான விளக்கம்தான். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் பெயருள்ள ஒரு கன்னார் உட்கார்ந்து தட்டியிருப்பாரே! செரில் பக்லி 1986-இல் எழுதிய கட்டுரை, பெண்கள் விடுபட்டது தற்செயலன்று, வரலாறு எழுதும் முறையே அதற்குக் காரணம் என்று வாதிட்டது. ஆலையில் செய்தால் வடிவமைப்பு, வீட்டில் பெண் செய்தால் கைவேலை என்ற பாகுபாடு அம்முறையின் ஒரு கூறு.

கோலத்துக்கும் ஒருவகை ஆவணம் உண்டு: பெண்கள் பழைய கணக்கு நோட்டுகளில் புள்ளி வைத்து வரைந்து சேர்த்தவை. அவை தாயிடமிருந்து மகளுக்குப் போயின. பழைய தாளோடு எடைக்குப் போனவையும் உண்டு.