வெந்நீர் ஒத்தடமும் ஒரு நர்ஸும்

போலியோ வந்த குழந்தை கை காலை அசைக்கவே கூடாது. 1930களில் பெரும்பாலான டாக்டர்கள் சொன்னது இதுதான். மாவுக்கட்டு போட்டு மாதக்கணக்கில் படுக்க வெச்சிடுவாங்க.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எலிசபெத் கென்னி என்ற நர்ஸ் இதற்கு நேர்மாறா செஞ்சாங்க. கம்பளித் துணியை வெந்நீரில் முக்கி, ஒட்டப் பிழிஞ்சு, இறுகிப்போன தசைமேல் சுத்தினாங்க. வலி குறைஞ்சதும் கை காலை மெதுவா அசைக்கப் பழக்கினாங்க. முறையான நர்ஸிங் படிப்பு இல்லாதவங்க. டாக்டர்கள் பலர் ஏத்துக்கல. 1940-ல் அமெரிக்கா போனாங்க. 1942-ல் மினியாபொலிஸில் அவங்க பெயரிலேயே ஒரு சிகிச்சை மையம் வந்தது.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். ஒத்தடம் வைரஸைக் கொல்லாது; செத்த நரம்பு செல்லுக்கு உயிர் தராது. கென்னி சொன்ன விளக்கமும் தப்பு. நோய் முக்கியமா தசையில்தான்னு நம்பினாங்க; உண்மையில் வைரஸ் தாக்குவது முதுகுத்தண்டில் இருக்கும் நரம்பு செல்களை. ஆனாலும் வலியைத் தணிச்சு, மிச்சமிருந்த தசையை வேலை செய்ய வெச்சது அந்த முறை. கோட் எழுதுறவங்களுக்குப் புரியும்: கமென்ட் தப்பு, கோட் சரியா ஓடுது.

இன்னிக்கு பிசியோதெரபிஸ்ட் ஒத்தடம் கொடுத்து, "இப்போ மடக்கிப் பாருங்க" என்கிறாரே, அந்தப் பழக்கத்தில் கென்னிக்கும் ஒரு பங்கு இருக்கு. அவங்க புத்தகத்துக்கு முன்னாடி குழந்தையின் காலைப் பார்த்தாங்க.