சவுக்கைப் பிடித்து நிறுத்திய சீனிவாசராவ்

1955 ஜனவரியில் ஆவடியில் அகில இந்திய காங்கிரஸ் மாநாடு கூடியது. யு.என். தேபர் தலைவர். சோஷலிச பாணி சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. நாடெங்கும் ஆவடியின் பெயர் பரவியது அப்போதுதான். டாங்கித் தொழிற்சாலை வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

அன்றைய ஆவடியும் அம்பத்தூரும் பூந்தமல்லியும் ஏரிப்பாசன ஊர்கள், செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவின் வயல்களில் உழைத்தவர்களைப் 'படியாள்' என்பார்கள். கடன் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு இறங்கும், அதோடு ஆளும் இறங்குவான். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1843இலேயே அறிவித்துவிட்டது. ஆனால் ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழித்து, 1891இல், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைப் பார்த்தால் அந்தச் சட்டம் சேரிக்குள் நுழையவே இல்லை என்பது தெரியும். குடிசை போட்டிருந்த மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான். அந்த அறிக்கையின் விளைவாக 1892இல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலமும் கைமாறிப் போனது தனிக்கதை. அதை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

ஒரு கலெக்டர் மனம் இரங்கி அறிக்கை எழுதுவதற்கு எல்லை உண்டு. அடிமையே நிமிர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு கண்டது தஞ்சையில்தான்.

அங்கே 'பண்ணையாள்' என்று பெயர். கிழக்குத் தஞ்சையில் பெரும் நிலங்கள் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தன. பண்ணையாள் விடியுமுன் வயலில் இறங்கி இருட்டிய பிறகு கரையேறுவான். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. கல்யாணத்துக்கும் ஆண்டையின் அனுமதி வேண்டும். கூலியாகக் கிடைக்கும் நெல்லை அளக்கும் மரக்காலிலேயே மோசடி நடந்தது. வேலைக்கு வரத் தாமதமானாலோ, பயிரில் மாடு மேய்ந்துவிட்டாலோ சவுக்கடி. அதோடு சாணிப்பால்: சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, மூங்கில் குழாயை வாயில் செருகி ஊற்றுவார்கள். மற்ற பண்ணையாட்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டும். ஒருவனை அடித்து ஊரையே அடக்கும் வழி அது.

இந்த மண்ணுக்கு 1943இல் வந்து சேர்ந்தார் பி. சீனிவாசராவ். 1907இல் தென் கன்னட மாவட்டத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டவர். சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியலில் போலீஸ் தடியடியை வாங்கியவர். 1930களில் கம்யூனிஸ்ட் ஆனார். தாய்மொழி கன்னடம். தஞ்சை வயல்வரப்பு அவருக்குப் புதிது. கட்சி அனுப்பியது, வந்தார். சேரியிலேயே தங்கினார், அங்கே கிடைத்ததைச் சாப்பிட்டார், அங்கேயே படுத்தார். பண்ணையாளின் வீட்டுக்குள் மேல்சாதிக்காரர் கால்வைக்காத காலத்தில் இதுவே பெரிய கலகம்.

மன்னார்குடி அருகே தென்பரையில் உத்திராதி மடத்து நிலக் குத்தகைதாரர்கள் நடத்திய போராட்டத்தில் விவசாயிகள் சங்கம் வேர்விட்டது. சீனிவாசராவ் செய்த முக்கியமான காரியம், குத்தகை விவசாயியையும் சேரியின் பண்ணையாளையும் ஒரே செங்கொடியின் கீழ் உட்காரவைத்தது. மணலி கந்தசாமி, களப்பாள் குப்பு போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். அடித்தால் திருப்பி அடிக்கலாம் என்பதை அவர் மேடையிலேயே சொன்னார். குனிந்தே பழகிய மக்களிடம் அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அதைவிடப் பெரிய துணிச்சல் அதைக் கேட்டு நிமிர்ந்தவர்களுக்கு இருந்தது. அடி விழுந்தால் அவர்கள் முதுகில்தான் விழும்.

1944இல் மன்னார்குடியில் அதிகாரிகள் முன்னிலையில் மிராசுதார்களும் சங்கமும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சவுக்கடி, சாணிப்பால் இரண்டும் ஒழிக்கப்பட்டன. முத்திரை போட்ட மரக்காலில்தான் நெல் அளக்க வேண்டும் என்பது சங்கத்தின் பிடிவாதமான கோரிக்கைகளில் ஒன்று. வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நாள் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டுக் களத்து மேட்டில் கூலிக்குக் கையேந்தியவனுக்கு அந்த முத்திரைதான் சோறு. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் காலனிகளின் அடிமைகளை விடுவிக்கச் சட்டம் போட்டபோது நஷ்டஈட்டைப் பெற்றவர்கள் அடிமைகளின் எஜமானர்கள். தஞ்சையில் பேரம் பேச எதிரில் உட்கார்ந்தது பண்ணையாளின் சங்கம்.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1948இல் கம்யூனிஸ்டுகள் மீது அடக்குமுறை தொடங்கியதும் சீனிவாசராவ் தலைமறைவானார். களப்பாள் குப்பு சிறையிலேயே உயிர்விட்டார். போராட்டத் தலைவர்களான வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் 1950 மே மாதத்தில் போலீஸ் குண்டுகளுக்குப் பலியானார்கள். சேரிகளில் போலீஸ் புகுந்தது. ஆனாலும் 1952 தேர்தலில் தஞ்சைப் பகுதி கம்யூனிஸ்டுகளுக்கு வாக்களித்துத் தன் பதிலைச் சொன்னது. அந்த ஆண்டு முதலமைச்சரான ராஜாஜி ஆகஸ்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தார். அது பிறகு முழுச் சட்டமானது. பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்றும், குத்தகைதாரருக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்றும் அது விதித்தது. ராஜாஜி கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்தவர். அவரையே இந்தச் சட்டத்தைப் போடவைத்தது வயலில் திரண்ட கூட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1961இல் நில உச்சவரம்புச் சட்டத்தில் இருந்த ஓட்டைகளை எதிர்த்து மாநிலம் தழுவிய மறியல் நடந்தது. அந்தப் போராட்டத்தின் நடுவில், செப்டம்பர் 30ஆம் தேதி, சீனிவாசராவ் காலமானார். வயது 54. திருத்துறைப்பூண்டியில் அவர் நினைவிடம் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கிழக்குத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும், செங்கொடியைக் கீழே இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்தவை.

இனி, அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து பிரிந்த நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்துக்கு வருவோம். பண்ணையாள் என்ற சொல் போய்விட்டது, 'அட்வான்ஸ்' வந்திருக்கிறது. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பம் கணக்குத் தீரும்வரை வெளியேற முடியாது. செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்களும், சூளைகளிலிருந்து ஒடிசா தொழிலாளர்களும் மீட்கப்பட்டிருக்கிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கொத்தடிமையாக வேலை வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்று தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை, உடனடி உதவியாக ரூ.30,000 வரை உண்டு.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இன்று எழும் ஒவ்வொரு அடுக்குமாடியிலும் யாரோ அறுத்துச் சுட்ட செங்கல் இருக்கிறது. அட்வான்ஸைக் காட்டி ஒரு குடும்பத்தை வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், கலெக்டர் அலுவலகத்திலோ கோட்டாட்சியரிடமோ உடனே புகார் கொடுங்கள்.