மண்ணை மூடிய கொடி

மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மரத்தைப் பற்றியும் அதன் விலையைப் பற்றியும் எழுதினர். மர வரிசைகளுக்கு இடையே தரையோடு தரையாகப் படர்ந்த கொடியைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் அக்கொடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தோட்ட மண்ணின் வாழ்வும் தாழ்வும் அதனோடு பிணைந்தவை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத் துரைமார்களுக்கு ஒரு கொள்கை இருந்தது: பால்மரத்தின் கீழ் ஒரு புல்லும் நிற்கலாகாது. லாலான் புல்லின் மீதிருந்த அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சம் பொய்யானதன்று. ஆனால் அதற்குக் கண்ட மருந்து நோயினும் கொடியதாயிற்று. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், சிறப்பாகப் பெண்கள், நாள் முழுதும் குனிந்து நின்று களை கொத்தினர். தரை வழித்தெடுத்தாற்போல் ஆயிற்று. அடுத்து வந்த பெருமழை மேல்மண்ணை வாரிக்கொண்டு ஆற்றுக்குப் போயிற்று. உழைப்பு எவ்வளவு கடுமையோ, அழிவும் அவ்வளவு விரைவாக இருந்தது. நெல்வயலில் கொழிஞ்சியை மிதித்து உரமாக்கிய உழவர் குடியில் பிறந்தோர் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர். அவர்கள் கருத்தை அக்காலத்தில் யார் கேட்டார்கள்?

கொழிஞ்சியின் ஆற்றலுக்கு அறிவியல் விளக்கம் கிடைத்தது 1886இல்தான். செருமானிய அறிஞர் ஹெல்ரீகல், அவரை இனச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்கொள்கின்றன என்றும், அதற்கு வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களே துணை என்றும் அவ்வாண்டில் அறிவித்தார். வில்ஃபார்த் என்பாருடன் அவர் செய்த ஆய்வின் முழு அறிக்கை 1888இல் வெளிவந்தது. அதே ஆண்டில் டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க் அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்துக் காட்டினார். காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும், செடிகள் அதை நேரே உண்ண இயலாது. நுண்ணுயிர் அதை மாற்றித் தருகிறது. செடி கைம்மாறாகச் சர்க்கரை கொடுக்கிறது. உயிருள்ள முடிச்சைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நம் குருதியில் உள்ள நிறப்பொருளுக்கு உறவான ஒன்று அங்கே இருந்து, உயிர்வளியின் அளவைக் காத்து நிற்கிறது.

இக்குடும்பம் சிறியதன்று. ஏறத்தாழ 19,500 இனங்கள் இதில் அடங்கும். பூக்கும் செடிகளுள் இதனினும் பெரிய குடும்பங்கள் இரண்டே. இதன் புதைபடிவங்கள் ஏறத்தாழ 6 கோடி ஆண்டுப் பழமை உடையவை. பயறு, உளுந்து, துவரை மட்டுமின்றிக் கொன்றையும் புளியும் வாகையும் இதன் உறுப்பினரே. பெந்தம் என்னும் ஆங்கில அறிஞர் 1865இல் பூவின் வடிவை அடிப்படையாகக் கொண்டு இதனை மூன்றாகப் பிரித்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பிரிவே நிலவியது. மரபணு ஆய்வின் வழியே 2017இல் அது ஆறு துணைக் குடும்பங்களாகத் திருத்தப்பட்டது. பழைய முறையில் ஒரே பிரிவில் இருந்த கொன்றையும் புளியும் மந்தாரையும் புதிய முறையில் மூன்று வெவ்வேறு பிரிவுகளுக்குப் போயின. தொட்டாற்சிணுங்கியும் பெத்தாய் மரமும் கொன்றையோடு ஒன்றாயின. வடிவைக் கண்டு உறவைத் துணிவது எத்துணை அரிது என்பதற்கு இது தக்க சான்று.

எல்லா அவரை இனங்களும் வேர் முடிச்சு உடையன அல்ல என்பதும் கருதத்தக்கது. மலாயாக் காட்டின் மாபெரும் மரமான துவாலாங், எண்பது மீட்டரை எட்டி வளர்ந்து, மலைத்தேனீக்களின் கூடுகளைக் கிளைதோறும் தாங்கி நிற்பது. அதுவும் அவரைக் குடும்பமே. ஆனால் அதன் வேரில் முடிச்சு இல்லை.

மூடுபயிருக்குத் தேவைப்பட்டவை முடிச்சுள்ள கொடிகளே. டச்சு ஆட்சியில் இருந்த சாவகத்திலும் சுமத்திராவிலும் இம்முயற்சி முந்தியது. மலாயாவில் 1925இல் சட்டத்தால் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இதனை ஆராய்ந்து பரப்பியது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகியவற்றோடு தென்கிழக்காசியாவுக்கே உரிய பியுவேரேரியாவும் கலந்து விதைக்கப்பட்டது. கலந்து விதைத்ததில் அறிவு இருந்தது. கலப்பகோனியம் விரைந்து எழுந்து மண்ணை மூடும். சில திங்களில் தளரும். அதற்குள் மற்றவை தழைத்துவிடும். இளமரங்கள் வளர்ந்து நிழல் செறியும்போது அவையும் மெல்ல மடிந்து, சேர்த்து வைத்த சத்தை மண்ணுக்கே விடும். மழைநீர் தேங்கி உள்ளிறங்கும், லாலான் தலைதூக்காது, மரமும் முன்னதாகவே பால்வெட்டுக்கு வரும்.

களையெடுப்பு அதனால் ஒழிந்துவிடவில்லை. கொடி மரத்தின்மீது ஏறாதபடி அடிமரத்தைச் சுற்றி வட்டமாகத் துப்புரவு செய்வது தொடர்ந்தது. அதையும் செய்தவை பெரும்பாலும் அதே பெண்களின் கைகளே.

ரப்பர்க் காடுகள் பல பின்னாளில் செம்பனைத் தோட்டங்களாக மாறின. 1990களில் மற்றொரு கொடி வந்து சேர்ந்தது: பூனைக்காலியின் உறவினமான முக்குனா பிராக்டியேட்டா. வடகிழக்கு இந்தியக் காடுகளில் பிறந்த இது, கேரள ரப்பர்த் தோட்டங்களின் வழியே மலேசியாவை அடைந்தது. அதன் வேர் ஆழமாக இறங்குவது. நிழலையும் வறட்சியையும் ஓரளவு தாங்குவது. ஆனால் கவனியாது விட்டால் இளம் பனைகளையே போர்த்தி மறைத்துவிடும் வேகம் அதற்கு உண்டு. எனவே அரிவாளோடு ஆள் நடந்து செல்லும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.