எலியின் அளவுகோல்: வன்னி வளவுகளில் கிருமிநாசினியும் பறவைகளும்

வவுனியா நகரை அண்டிய நெளுக்குளத்தில் வயலுக்கும் வளவுக்கும் அதிக தூரமில்லை. காலபோக நெல்லுக்கு வாங்கிய கிருமிநாசினியில் மிஞ்சியது கிணற்றடிக் கத்தரிக்கும் பயற்றைக்கும் போவது புதினமல்ல. அந்தப் பாத்திகளில்தான் புலுனிகள் கூட்டமாய்ப் புழு பொறுக்குகின்றன. செண்பகம் வேலியோரம் மேய்கிறது. 'ஆளுக்கு ஆபத்தில்லாத மருந்து' என்ற உறுதிமொழி இவற்றுக்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலங்கையில் பீடைகொல்லிக் கட்டுப்பாடு மனித உயிரை மையமாகக் கொண்டே வளர்ந்தது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அடித்தளமிட்டது. மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியவை 1995இலும் என்டோசல்பான் 1998இலும் விலக்கப்பட்டமைக்குப் பெருங்காரணம், நஞ்சருந்தி இறந்தோரின் தொகை. 1995இலிருந்து பத்தாண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியாகியது. இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் பறவைகள் இதனால் பெற்ற நன்மை தற்செயலானது. 1995இன் இறுதியில் ஆர்ஜென்டீனாவில் வெட்டுக்கிளி தின்ற சுவெயின்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்ததும் இதே மொனோகுரோட்டோபொஸினால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நச்சு வகைப்பாடு பெரும்பாலும் எலியில் செய்த சோதனையை வைத்தே அமைகிறது. எலிக்கு மிதமானது பறவைக்குக் கொடியதாகலாம். டயசினோன் என்னும் பூச்சிகொல்லி இதற்குத் தெளிவான சான்று. உடலுக்குள் சென்றதும் ஈரல் அதை மேலும் வீரியமான வடிவத்துக்கு மாற்றுகிறது. பாலூட்டிகளின் குருதியிலுள்ள பராஒக்சோனேஸ் என்னும் நொதியம் அவ்வடிவத்தைச் சிதைத்துவிடும். பறவைக் குருதியில் அந்நொதியம் மிக அற்பம். ஆகவே எலி தாங்கும் அளவில் ஒரு சிறு பகுதியே பறவையைக் கொன்றுவிடும். அமெரிக்காவில் காட்டு வாத்துகள் மேய்ந்த இடத்திலேயே செத்து விழுந்ததால் 1988இல் கோல்ஃப் மைதானங்களில் டயசினோன் தடைசெய்யப்பட்டது. வீட்டுத்தோட்டத்துக்கான விற்பனையோ 2004 வரை நீடித்தது. அதை நிறுத்த வைத்ததும் பெரும்பாலும் சிறுவர்களின் உடல்நலம் பற்றிய கவலையே.

கொல்வது நஞ்சு மட்டுமல்ல, பட்டினியும்தான். தேன்சிட்டு தேன் குடித்தாலும் குஞ்சுக்குப் பூச்சியையும் சிலந்தியையுமே ஊட்டும். நெதர்லாந்தில் மேற்பரப்பு நீரில் இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிகொல்லி லீற்றருக்கு 20 நனோகிராமைத் தாண்டிய இடங்களில் பூச்சியுண்ணும் பறவைகள் ஆண்டுக்குச் சராசரி 3.5 வீதம் குறைந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரித்தானியத் தோட்டங்கள் 615ஐ ஆராய்ந்த சசெக்ஸ் பல்கலைக்கழகம், களைநாசினியான கிளைபோசேற் பாவிக்கும் தோட்டங்களில் சிட்டுக்குருவிகள் கால்வாசி குறைவென 2023இல் அறிவித்தது. இவ்வாய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றன. காரணத்தை முற்றாக நிறுவவில்லை. எனினும் களையும் விதையும் பூச்சியும் போனால் குருவிக்கு என்ன மிஞ்சும்?

'மருந்தில்லாமல் விளையாது' என்பார்கள் விவசாயிகள். 2021இல் விவசாய இரசாயன இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தி, சில மாதங்களில் பின்வாங்கிய அரசின் கூத்துக்குப் பிறகு அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் அது கடன்பட்டு விதைத்த வயலின் கணக்கு. சொந்தக் கறிக்கு நடும் பத்துக் கத்தரிக்கு அக்கணக்குப் பொருந்தாது.

கத்தரியின் தண்டு, காய் துளைப்பானையே எடுத்துக்கொள்வோம். புழு உள்ளே இருப்பதால் தெளித்த மருந்து எளிதில் எட்டாது; புலுனியாலும் பயனில்லை. வாடிய குருத்தை வாராவாரம் வெட்டி எரிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதுமே உதவும். பாகலுக்குப் பிஞ்சிலேயே கடதாசிப் பை கட்டினால் பழ ஈ அண்டாது. இலை தின்னும் புழுக்களுக்கு, லீற்றருக்கு 50 கிராம் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பை ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து தெளிக்கலாம். வெயிலில் அதன் வீரியம் சிதையும், மாலைதான் நேரம். பயற்றைப் பாத்தி நடுவே இரண்டு மூன்று தடிகளை நட்டுவிட்டால் கரிச்சான் அமர்ந்து வேட்டையாடும். எலிப் பாசாணம் வைப்பவர், நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் சாகலாம் என்பதை எண்ண வேண்டும்.

இவை வீட்டார் செய்யக்கூடியவை. பீடைகொல்லிப் பதிவாளர் செய்யவேண்டியதும் உண்டு. பறவைகளுக்கான நச்சுத்தன்மையைப் போத்தலின் சுட்டுத்துண்டில் தமிழிலும் சிங்களத்திலும் தனி வரியாக அச்சிடச் செய்வதோடு, வயலுக்கெனப் பதிவான மருந்தை வீட்டுத்தோட்டத்துக்குப் பரிந்துரைப்பதையும் தடுக்க வேண்டும்.